குடும்பத்தோட வர்ற கஸ்டமரை சிரிக்க வச்சு வேலை பாக்கறது எப்படி: பெங்களூரு ஷூ கடைல இருந்து ஒரு முழு வழிகாட்டி

மே கடைசி வாரம் கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் வந்து பாருங்க. புக்ஸ் வாங்கியாச்சு, யூனிஃபார்ம் தைக்க குடுத்தாச்சு, பேக் வாங்கியாச்சு, கடைசியா மிச்சம் இருக்கறது ஷூ. நம்ம கடைக்குள்ள நுழையும்போதே அப்பா பர்ஸ் பாதி காலி, அம்மாவுக்கு தலைவலி, பெரிய பொண்ணு போன்ல மூழ்கி கிடக்கா, சின்னவன் தரையில உருள்றான், கூட வந்த பாட்டி எங்கயாவது உக்கார இடம் கிடைக்காதான்னு பாக்கறாங்க. இந்த அஞ்சு பேருக்கு நடுவுலதான் நாம ஒரு சின்ன காலைப் பிடிச்சு அளந்து, சரியான ஜோடிய போட்டு, நடக்க விட்டு பாத்து, பில்லுக்கு அனுப்பணும்.

நான் சிவாஜிநகர் பக்கம் ஒரு குழந்தைங்க ஷூ கடைல ஃப்ளோர் பாத்துக்கறேன். ஊர்ல இருந்து புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் கத்துக்குடுக்கறதும் என் வேலைதான், அவங்க கிட்ட சொல்றதத்தான் இங்க விரிவா எழுதறேன். ஷூ கடைன்னு இல்ல, துணிக்கடை, பல் கிளினிக் ரிசப்ஷன், ஹோட்டல், போட்டோ ஸ்டூடியோன்னு குடும்பமா ஆளுங்க வர்ற எந்த இடத்துல வேலை பாக்கறவங்களுக்கும் இது உதவும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. அந்த குடும்பத்துல அந்த நேரத்துல யாரு ரொம்ப சங்கடத்துல இருக்காங்களோ அவங்க பக்கம் போய் நிக்கணும் நம்ம சிரிப்பு. அழற குழந்தையா இருக்கலாம், விலையைப் பாத்து பேசாம நிக்கற அப்பாவா இருக்கலாம். அவங்க முகம் கொஞ்சம் லேசானா மீதி வேலை தானா நடக்கும். எல்லாரும் சிரிச்சு அவங்க ஒருத்தர் மட்டும் குன்றிப் போனா நாம தோத்துட்டோம்னு அர்த்தம்.

படி 1: முதல்ல வேலை சுத்தமா தெரியணும்

சைஸ் தப்பா குடுத்துட்டு எவ்வளவு சிரிக்க வச்சாலும் பிரயோஜனம் இல்ல, மறுநாள் குதிகால்ல கொப்புளத்தோட திரும்பி வருவாங்க. அதனால அளவு எடுக்கறதை மொதல்ல கைக்கு பழக்குங்க. குழந்தைய நிக்க வச்சு அளக்கணும், உக்காந்திருக்கும்போது கால் சின்னதா தெரியும். ரெண்டு காலையும் அளங்க, நிறைய பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெருசா இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ. ஸ்கூலுக்கு போடற அதே தடிமன் சாக்ஸ் போட்டு பாக்கணும். பெருவிரலுக்கு முன்னாடி சுமார் ஒரு சென்டிமீட்டர், அதாவது நம்ம கட்டைவிரல் அகலத்துல பாதி இடம் இருக்கணும். சாயங்காலம் கால் லேசா வீங்கியிருக்கும், அதனால காலைல அளந்து வாங்கின ஷூ சாயங்காலம் பிடிக்கறதா சொல்வாங்க, அது பொய் இல்ல.

நம்ம ஊர் ஷூ பெட்டில பெரும்பாலும் போட்டிருக்கறது பிரிட்டிஷ் சைஸ். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் மூணுல ஒரு பங்கு இஞ்ச், சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். குழந்தைங்க சைஸ் 13 வரைக்கும் போகும், அதுக்கப்புறம் 14 கிடையாது, பெரியவங்க வரிசைல மறுபடி 1ல இருந்து ஆரம்பிக்கும். இது தெரியாம எத்தனையோ அம்மாக்கள் போன வருஷம் 13, இந்த வருஷம் 1னு சொல்றீங்க, என் பொண்ணு கால் சின்னதாயிடுச்சான்னு கேப்பாங்க. அங்கதான் நமக்கு ரெடிமேடா ஒரு சிரிப்பு கிடைக்குது. குழந்தைய பாத்து, ‘கங்கிராட்ஸ், நீங்க குட்டி ஷூ ஸ்கூல் பாஸ் ஆயிட்டீங்க, இனிமே பெரியவங்க ஸ்கூல்ல ஒண்ணாங் கிளாஸ்’னு சொல்லுங்க. அம்மாவுக்கு விஷயம் புரிஞ்சிடும், குழந்தைக்கு பெருமை, யாரும் தெரியாம கேட்டோமேன்னு கூச்சப்பட வேண்டியதில்ல. நம்ம தொழில்ல இருக்கற உண்மைல இருந்தே எடுத்த ஜோக் இது, இந்த மாதிரி ஜோக்கைத்தான் தேடித்தேடி சேத்து வைக்கணும், மொபைல்ல பாத்த ஜோக் எல்லாம் கடைல ஓடாது.

படி 2: முதல் அரை நிமிஷம் வாயைத் திறக்காம பாருங்க

வாங்க உக்காருங்கன்னு சொல்லிட்டு, தண்ணி வேணுமான்னு கேட்டுட்டு, சும்மா பாருங்க. யாரு முடிவு எடுக்கறாங்க, யாரு கோவமா இருக்காங்க, குழந்தை எதைப் பாத்துட்டு இருக்கு, அவங்களுக்குள்ள என்ன மொழி பேசிக்கறாங்க. வரும்போதே சண்டை போட்டுட்டு வந்த புருஷன் பொண்டாட்டிய முகத்தைப் பாத்தாலே தெரியும், அவங்க கிட்ட ஆரம்பத்துலயே ஜோக் அடிச்சா எரிச்சல்தான் வரும். அந்த மாதிரி குடும்பத்துக்கு வேகமும் மரியாதையும்தான் தேவை, சிரிப்பு கடைசில பில் போடும்போது வந்தா போதும், வரலைன்னாலும் பரவால்ல.

குழந்தை கிட்ட பேசணும்னா குனிஞ்சு பேசாதீங்க, குத்த வச்சு உக்காந்து கண்ணுக்கு நேரா பேசுங்க. நாம எப்படியும் கால் அளக்க கீழ உக்காரத்தான் போறோம், ஒரு நிமிஷம் முன்னாடியே உக்காந்துடலாம்.

படி 3: பெங்களூருல மொழி விஷயம்

சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு மணி நேரத்துல தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாம் காதுல விழும். பேரையோ டிரஸ்ஸையோ பாத்து மொழிய நீங்களா முடிவு பண்ணாதீங்க. கன்னடத்துல ஆரம்பிங்க, அது இந்த ஊருக்கு நாம குடுக்கற மரியாதை, அவங்க எந்த மொழில பதில் சொல்றாங்களோ அதுக்கு மாறிக்கலாம். ‘கூத்கொள்ளி அம்மா’ (உக்காருங்கம்மா), ‘காலு கொடு புட்டா’ (காலைக் குடு கண்ணா), ‘நோடோணா’ (பாப்போம்) இந்த அளவு தெரிஞ்சாலே ஆரம்பிச்சிடலாம்.

கண்டிப்பா செய்யக்கூடாத ஒண்ணு இருக்கு, புதுசா வர்றவங்க கிட்ட நான் கொஞ்சம் கடுமையாவே சொல்வேன். கஸ்டமர் முன்னாடி நின்னுக்கிட்டு ரெண்டு சேல்ஸ்மேன் தமிழ்ல பேசி சிரிக்கக் கூடாது. நீங்க நேத்து மேட்ச்சை பத்தி பேசி சிரிச்சிருக்கலாம், ஆனா அங்க உக்காந்து ஒரு சாக்ஸோட காலைத் தூக்கி வச்சிட்டு இருக்கற ஆளுக்கு தன்னைப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு தோணும். அதுவும் இந்த ஊர்ல நிறைய பேருக்கு தமிழ் நல்லாவே புரியும்.

மொழி தெரியாத குழந்தை கிட்ட வார்த்தையே வேண்டாம். ஷூவ கைல மாட்டி பெஞ்சு மேல நடக்க விடுங்க, எந்த மொழிக் குழந்தையும் சிரிக்கும். இன்னொண்ணு, எண்ணறது. கன்னடத்துல ஒந்து, எரடு, நால்குன்னு வேணும்னே மூணை விட்டுட்டு எண்ணிப் பாருங்க, அஞ்சு வயசுக் குழந்தை கத்தும் பாருங்க ‘மூரு! மூரு!’ன்னு. பெரிய ஆளைத் திருத்தற சந்தோஷம் அவங்களுக்கு, அந்த சந்தோஷத்துல கால் அசையாம நிக்கும், நாம அளவு எடுத்துடலாம்.

ஊரோட நாள் கிழமையும் தெரிஞ்சிருக்கணும். ரம்ஜான் மாசத்துல சாயங்காலம் வர்ற குடும்பம் நோன்புல இருக்கலாம், அப்ப சாப்பாட்டை வச்சு எந்த விளையாட்டும் வேண்டாம், நோன்பு திறக்கற நேரத்துக்கு முன்னாடி வேகமா அனுப்பி வைக்கறதுதான் பெரிய உபகாரம். செப்டம்பர் 8 செயின்ட் மேரீஸ் பசிலிகா திருவிழா வந்தா காவி டிரஸ்ல குடும்பம் குடும்பமா வருவாங்க, நம்ம தமிழ் ஜனங்க நிறைய, அன்னிக்கு மனசு நிறைஞ்சு இருப்பாங்க, கொஞ்சம் தாராளமாவே விளையாடலாம்.

படி 4: வயசுக்கு ஏத்த சிரிப்பு

இதுதான் இந்த வேலையோட உயிர், பொறுமையா படிங்க.

ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு முகத்தை மறைச்சு காட்டற விளையாட்டு, நம்ம ஊர்ல பாட்டிங்க விளையாடுவாங்களே அது. ஆறு ஏழு மாசக் குழந்தை ஷூ பெட்டி மூடிக்கு பின்னாடி இருந்து நம்ம முகம் வந்தா நல்லா சிரிக்கும். ஆனா எட்டு ஒம்பது மாசம் ஆச்சுன்னா புது ஆளைப் பாத்து அழற பருவம் ஆரம்பிச்சிடும், அப்ப நாம நெருங்கிப் போகாம அம்மா கைல மூடிய குடுத்து அவங்களையே விளையாட வைக்கணும். அப்புறம் ஒரு உண்மையும் சொல்லிடுங்க: இன்னும் நடக்க ஆரம்பிக்காத குழந்தைக்கு கெட்டியான ஷூ தேவையில்ல, மெத்துன்னு ஒரு சாக்ஸே போதும். வியாபாரம் கொஞ்சம் போகும், அந்த அம்மா அடுத்த பத்து வருஷத்துக்கு நம்ம கடைக்குத்தான் வருவாங்க.

ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு பொருளை தப்பான இடத்துல வச்சா அதுதான் உலகத்துலயே பெரிய காமெடி. போன ஸ்கூல் சீசன்ல ஒரு பையன், மூணு வயசு இருக்கும், பெஞ்சுல ஏறி உக்காந்து ரெண்டு காலையும் மடிச்சு தனக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டான். அம்மா கெஞ்சறாங்க, அப்பா அதட்டறாரு, அவன் உதட்டைப் பிதுக்கறான். நான் ஷூவ எடுத்து காதுல வச்சு, ‘ஹலோ, யாரு? ஷூவா பேசறது? என்னது, காலைக் காணோமா? ஒரு பையன் வந்திருக்கான், ஆனா அவனுக்கு காலே இல்லையேப்பா’ன்னு பேசினேன். அவன் முதல்ல என்னையே பாத்தான். நான் பெஞ்சுக்கு அடியில தேடினேன், பெட்டிக்குள்ள தேடினேன், அவங்க அப்பா சட்டைப் பாக்கெட்டை எட்டிப் பாத்து ‘சார் நீங்க எடுத்தீங்களா’ன்னு கேட்டேன், அப்பாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. உடனே அடியில இருந்து ஒரு கால் வெளிய வந்துச்சு, ‘இங்க இருக்கு!’ன்னு. பேசிக்கிட்டே அளவுக் கட்டைய கீழ வச்சேன், சைஸ் 9, ஒட்டற ஷூ, முடிஞ்சது.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா நான் அவன் காலைத் தொடவே இல்ல. அவனாத்தான் குடுத்தான். குழந்தைய கிச்சுக்கிச்சு மூட்டி சிரிக்க வைக்கறது, கன்னத்தைக் கிள்றது, தூக்கறது எதுவும் கூடாது. காலைத் தொடறதுக்கு முன்னாடி கூட ‘தொடட்டுமா?’ன்னு குழந்தை கிட்டயும் அம்மா அப்பா கிட்டயும் கேட்டுட்டுத்தான்.

அஞ்சுல இருந்து எட்டு வயசுக்கு விடுகதை. ‘நாக்கு இருக்கும், ருசி தெரியாது, கண்ணு கண்ணா இருக்கும், பார்வை கிடையாது, தனியா வராது, ஜோடியாத்தான் வரும், அது என்ன?’ன்னு கேட்டுட்டு லேஸை கோத்துக்கிட்டே இருங்க. கண்டுபிடிக்கலைன்னா ஷூ நாக்கை லேசா இழுத்து காட்டுங்க, கத்துவாங்க. இந்த வயசுக் குழந்தை தானும் ஒரு விடுகதை சொல்லும், விடையே இல்லாத விடுகதையா இருக்கும், அதையும் முழுசா கேட்டு யோசிக்கணும், அவசரப்பட்டு ஆங் ஆங்னு தள்ளி விடக்கூடாது.

ஒம்பது பத்து பதினொண்ணு வயசுல அவங்களுக்கு தாங்கள் சின்னப் பசங்க இல்லன்னு காட்டணும். ஷூ கூட போன்ல பேசினீங்கன்னா உங்களை ஒரு மாதிரி பாப்பாங்க. அவங்க கிட்ட கருத்து கேளுங்க: ‘ஃபுட்பாலுக்கு எது தாங்கும்னு நீயே சொல்லு, போன தடவை எந்தப் பக்கம் முதல்ல கிழிஞ்சது?’ அவங்களே கதை சொல்லுவாங்க, அதுல சிரிப்பு தானா வரும்.

பதிமூணு பதினாலுக்கு மேல ஜோக் வேண்டாம். மரியாதையா ‘நீங்க எது பாக்கறீங்க’ன்னு நேரடியா அவங்களையே கேளுங்க, அம்மாவைக் கேக்காதீங்க. பொண்ணுங்க கால் பெருசா இருந்தா ஒரு வார்த்தை, ஒரு பார்வை கூட கூடாது, சைஸை சத்தமா கத்தி ஸ்டாக் ரூம்ல கேக்காதீங்க, நீங்களே போய் எடுத்துட்டு வாங்க. அவங்களா சிரிப்பை ஆரம்பிச்சா கூட சேந்துக்கலாம்.

படி 5: அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி

பெரியவங்களுக்கு சிரிப்பு வேண்டிய இடம் மூணு நாலுதான். ஒண்ணு, அழுதா இந்த அண்ணன் உன்னை பிடிச்சுட்டுப் போய்டுவாருன்னு குழந்தைய பயமுறுத்துவாங்க. அங்க அம்மாவைத் திருத்தாம, குழந்தை பக்கம் திரும்பி, ‘ஐயோ, உங்களை வைக்கற அளவுக்கு எங்ககிட்ட பெட்டியே இல்லையே, எல்லாம் ஷூ சைஸ் பெட்டிதான்’னு ஒரு பெட்டிய திறந்து காட்டுங்க. குழந்தைக்கு பயம் போயிடும், அம்மாவும் சிரிப்பாங்க, யாருக்கும் பாடம் எடுத்த மாதிரி இருக்காது.

இன்னொண்ணு, ரெண்டு வருஷம் வரட்டும்னு ரெண்டு சைஸ் பெருசா கேப்பாங்க. கஷ்டப்பட்டு சம்பாதிச்ச காசு, கேக்கறதுல தப்பே இல்ல, ஆனா அது நடக்கும்போது குதிகால் கழண்டு கழண்டு வரும், பையன் விழுவான். அவனை பத்து அடி நடக்க விட்டு, ‘மேடம், இந்த ஷூ முதல் பெல்லுக்கே ஸ்கூலுக்கு போய் சேந்துரும், தம்பி ரெண்டாவது பெல்லுக்குத்தான் வருவான்’னு சொல்லுங்க. குறை சொன்னது ஷூவை, அவங்க முடிவை இல்ல. அப்புறம் அந்த ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு ஒரு ஜோடிய காட்டுங்க, தொட்டுப் பாக்க சொல்லுங்க, அவங்களே ஒத்துப்பாங்க.

விலை விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. இவ்வளவான்னு கேட்டா முதல்ல குறைஞ்ச விலைல இருக்கற நல்ல ஜோடி ஒண்ணை பக்கத்துல கொண்டு வந்து வைங்க, அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கணும். ‘சார் இது பாக்க சாது, ஆனா மழைல நல்லா தாங்கும்’ அப்படின்னு ஷூவப் பத்தி ஏதாவது. காசு இல்லையான்னு தொனிக்கற எதுவும், சிரிச்சுக்கிட்டே சொன்னாலும், அந்த மனுஷன் வீட்டுக்குப் போற வரைக்கும் மறக்க மாட்டாரு, அதுவும் பிள்ளைங்க முன்னாடி.

தாத்தா பாட்டிய கிண்டல் பண்ணாதீங்க, கதை கேளுங்க. எந்த ஊரும்மா, உங்க காலத்துல ஸ்கூலுக்கு ஷூ உண்டான்னு ஒரு கேள்வி போதும், தர்மபுரில இருந்தோ கோலாரில இருந்தோ ஒரு கதை வரும், பேரன் வாயைப் பிளந்து கேட்டுட்டு நிப்பான், நாம லேஸ் கட்டி முடிச்சிருப்போம்.

ஷூ வாங்காம கூட வந்த குழந்தை ஒண்ணு இருக்கும், அண்ணன் பழைய ஷூவே போதும்னு சொல்லி கூட்டிட்டு வந்த தம்பி. அந்த முகத்தை யாரும் கவனிக்க மாட்டாங்க, நீங்க கவனிங்க. ‘இன்னிக்கு நீங்கதான் சூப்பர்வைசர், அண்ணன் நேரா நடக்கறானான்னு பாத்து ஓகே சொல்லணும்’னு ஒரு வேலை குடுங்க. அவன் ஓகே சொல்ற வரைக்கும் பில் போகாதுன்னு சொல்லிப் பாருங்க, எவ்வளவு சீரியஸா சுத்தி சுத்தி பாப்பான்னு தெரியும்.

படி 6: எதை வச்சு சிரிக்கவே கூடாது

பீட்டர் மெக்ரா, கேலப் வாரன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2010ல ஒரு விளக்கம் குடுத்தாங்க: ஒரு விஷயம் கொஞ்சம் வழக்கத்தை மீறணும், அதே சமயம் அதனால யாருக்கும் கெடுதல் இல்லன்னும் தோணணும், ரெண்டும் சேந்தாத்தான் சிரிப்பு வரும்னு. நம்ம வேலைக்கு இது அப்படியே பொருந்துது. ஷூ போன் பேசறது மீறல், ஆனா யாருக்கும் வலி இல்ல. பையன் குண்டா இருக்கான்னு சொல்றதுல மீறல் இருக்கு, வலியும் இருக்கு, அங்க சிரிப்பு செத்துடும்.

அதனால நிறம், எடை, உயரம், ஜாதி, மதம், எத்தனை குழந்தை, பையனா பொண்ணா, மார்க், மாமியார் மருமகள், யாரு சம்பாதிக்கறாங்க, இதெல்லாம் நம்ம கடை வாசலுக்கு வெளிய. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூன்னு யாராவது கேட்டா சிரிச்சு ஒத்து ஊதாதீங்க. அகலமான கால் இருந்தா, ‘இந்த ஷூ ரொம்ப ஒல்லியா இருக்கு, வேற பாப்போம்’. குறை எப்பவும் பொருளுக்குத்தான். புருஷன் பொண்டாட்டி நடுவுல கலர் சண்டை வந்தா யார் பக்கமும் ஜோக் அடிக்காதீங்க, ரெண்டு ஜோடியையும் வச்சுட்டு, சாக்ஸ் எடுத்துட்டு வரேன்னு நகர்ந்துடுங்க.

குழந்தைய வீடியோ எடுத்து ரீல்ஸ் போடறது, அது எவ்வளவு க்யூட்டா இருந்தாலும், கிடையவே கிடையாது.

ஒரு ஜோக் விழலைன்னா விளக்கம் சொல்லாதீங்க, திரும்ப சொல்லாதீங்க, நேரா அளவுக்கு வந்துடுங்க.

சில குழந்தைங்களுக்கு திடீர் சத்தமும் ஆச்சரியமும் பிடிக்காது, காதைப் பொத்திக்கும், லைட்டைப் பாத்து தவிக்கும். அம்மா கிட்ட மெதுவா எப்படி பண்ணா வசதியா இருக்கும்னு கேளுங்க, ஓரமா அமைதியான இடத்துல உக்கார வைங்க, அடுத்து என்ன செய்யப் போறோம்னு முன்னாடியே சொல்லி சொல்லி செய்யுங்க. காலுக்கு பிரேஸ் போட்ட குழந்தை வந்தா பிரேஸோட சேத்து அளங்க, பெரும்பாலும் அகலமும் நீளமும் கூட வேணும், நாக்கு நல்லா திறக்கற மாடலா எடுங்க. விளையாட்டு மத்த குழந்தைங்க கிட்ட எப்படியோ அப்படியே, பரிதாபக் குரல் மட்டும் வேண்டாம்.

படி 7: கோவமா திரும்பி வர்ற குடும்பம்

ஜூன்ல மழை ஆரம்பிச்சதும் சோல் பிரிஞ்சு போச்சுன்னு கைல கவரோட வருவாங்க. இங்க சிரிப்பே கூடாது, பதட்டத்துல வர்ற அசட்டுச் சிரிப்பு கூட கூடாது. உக்கார வைங்க, ஷூவ கைல வாங்கி நல்லா திருப்பிப் பாருங்க, ஆமாங்க பிரிஞ்சிருக்குன்னு வாயால சொல்லுங்க, மாத்திக் குடுக்க முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும்னு தெளிவா சொல்லுங்க. உங்க கைல அதிகாரம் இல்லைன்னா மேனேஜரை நீங்களே போய் கூட்டிட்டு வாங்க, அவங்களை கவுண்டர் கவுண்டரா அலைய விடாதீங்க.

ஆனா ஒரு இடம் இருக்கு. அப்பா கோவத்துல பையனைப் பாத்து எல்லாம் இவன் ஃபுட்பால் ஆடினதாலன்னு சொல்லுவாரு, பையன் தலை குனிஞ்சு நிப்பான். அப்ப அவன் கிட்ட மட்டும் மெதுவா, ‘தோத்தது ஷூதான்பா, நீ இல்ல’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், வேற ஜோடி எடுக்கப் போங்க.

படி 8: நம்மளையும் பாத்துக்கணும்

மனசுல என்ன இருந்தாலும் முகத்துல சிரிப்பு வச்சிருக்கறதும் உழைப்புதான்னு அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983லயே எழுதிட்டாங்க, விமானப் பணிப்பெண்களைப் பாத்து அவங்க வச்ச பேரு எமோஷனல் லேபர். இதை நான் புதுப் பசங்களுக்கு கண்டிப்பா சொல்வேன், ஏன்னா சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போய் யார் கிட்டயும் பேசப் பிடிக்காம படுத்துக்கறது சோம்பேறித்தனம் இல்ல, நாள் பூரா செஞ்ச வேலையோட களைப்பு அது.

அதனால சில ஏற்பாடு வேணும். ஒரே ஆள் தொடர்ந்து அழற குழந்தைங்களையே பாக்கக் கூடாது, மாத்தி மாத்தி விடணும். வீட்ல ஏதோ பிரச்சனைன்னா அன்னிக்கு ஸ்டாக் ரூம்ல பெட்டி அடுக்கற வேலை கேட்டு வாங்கிக்கோங்க, டீம்ல அப்படி கேக்கற தைரியம் எல்லாருக்கும் இருக்கணும். சிரிக்க முடியாத நாள்ல நிதானமா, மரியாதையா, சரியா வேலை செஞ்சா போதும், கஸ்டமருக்கு அதுவே பெருசு. உக்கார ஒரு ஸ்டூல் கேளுங்க. தமிழ்நாட்ல கடை ஊழியர்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு 2021ல சட்டமே திருத்தினாங்க, கேரளாவுல அதுக்கு முன்னாடியே 2018ல வந்தாச்சு. முதலாளி கிட்ட இதை மரியாதையா எடுத்துச் சொல்லலாம், கால் வலிக்கற ஆளால அடுத்த காலை சிரிச்சுக்கிட்டு அளக்க முடியாது.

காலைல ஷட்டர் திறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒத்திகை பாருங்க. ஒருத்தர் அழற குழந்தை, ஒருத்தர் அவசரப்படற அப்பா, ஒருத்தர் சேல்ஸ். யாருக்கு எது நல்லா வருதுன்னு அங்கயே தெரிஞ்சிடும், சிலருக்கு பேச்சு வராது ஆனா கையாலயே பொம்மலாட்டம் காட்டுவாங்க, அவங்களைப் போய் விடுகதை சொல்ல வைக்காதீங்க. பக்கத்து பெஞ்சுல ஒருத்தர் ஷூ போன் பேசிட்டு இருந்தா நீங்களும் அதே நேரத்துல அதையே பண்ணாதீங்க, குழந்தைங்க உடனே கண்டுபிடிச்சிடும். வருஷா வருஷம் வர்ற குடும்பம் இருக்கும், அவங்களுக்கு என்ன விளையாட்டு காட்டினோம்னு ஒரு சின்ன நோட்டுல குறிச்சு வச்சுக்கோங்க, போன வருஷம் கால் ஒளிச்ச பையன் இந்த வருஷம் வந்து ‘கால் கிடைச்சுதா அண்ணா’ன்னு கேட்டா உங்களுக்கு ஞாபகம் இருக்கணும்.

படி 9: பில் போட்டு அனுப்பும்போது

பில்லிங் கவுண்டர்ல வரிசை நீளமா இருந்தா குழந்தை கைல பெட்டிய குடுத்து ‘உள்ள ரெண்டு பேர் தூங்கறாங்க, ஆட்டாம கொண்டு போங்க’ன்னு சொல்லுங்க. வரிசைல குதிக்காம நிக்கும், பின்னாடி நிக்கறவங்களும் புன்னகையோட வழி விடுவாங்க. பில் போடறவருக்கு குடும்பத்தோட மூட் என்னன்னு கண்ணால ஒரு குறிப்பு குடுங்க, நாம பாடுபட்டு லேசாக்கின ஆளை அவரு சில்லறை இல்லையான்னு அதட்டி அனுப்பிடக் கூடாது.

கடைசியா பெத்தவங்க கிட்ட விளையாட்டை எல்லாம் விட்டுட்டு தெளிவா சொல்ல வேண்டியது இருக்கு: இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்குள்ள, சுத்தமான தரையில, சாக்ஸ் போட்டு அரை மணி நேரம் நடக்க விடுங்க, எங்கயாவது சிவந்திருக்கான்னு பாருங்க, ரோட்ல போடாம இருந்தா சைஸ் மாத்திக்கலாம், எத்தனை நாளுக்குள்ளன்னு பில் பின்னாடி எழுதியிருக்கு, அட்டைப் பெட்டிய தூக்கிப் போட்டுடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஷூ முனைல விரலுக்கு முன்னாடி அமுக்கிப் பாக்க சொல்லுங்க, இடம் இல்லைன்னா அடுத்த சைஸுக்கு நேரம் ஆச்சு.